பண்ருட்டி முந்திரி ஓட்டு எண்ணெய்: கொட்டையை அவிக்கிற இடத்துலயே முடிவாகிற விஷயம்

முந்திரி எண்ணெய்னு சொன்னா பாதிப்பேர் அது பருப்பை ஆட்டி எடுக்கிற சமையல் எண்ணெய்னு நெனச்சுக்கறாங்க. பருப்புல கிட்டத்தட்ட பாதி கொழுப்புதான், ஆட்டினா நல்லாவே எண்ணெய் வரும், ஆனா பருப்பு கிலோ என்ன விலை போகுதுன்னு தெரிஞ்சவன் எவனும் அதை செக்குல போடமாட்டான். நான் சொல்ல வர்றது வேற சரக்கு. கொட்டையோட ஓட்டுக்குள்ள இருக்கிற கருஞ்சிவப்பான, பிசுபிசுன்னு, தோல்ல பட்டா எரியற எண்ணெய். வியாபாரத்துல சி.என்.எஸ்.எல்னு (கேஷ்யூ நட் ஷெல் லிக்விட்) சொல்வாங்க, ஊர்ப்பக்கம் தோல் எண்ணெய், ஓட்டு எண்ணெய்னு எப்படி வேணா சொல்வாங்க. இதை சாப்பிடவும் முடியாது, மூஞ்சில தடவவும் கூடாது (தடவலாமான்னு கேக்கறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம்). ஆனா நீங்க போற பஸ்ஸோட பிரேக்லயும், துறைமுகத்துல நிக்கிற கப்பலோட பெயின்ட்லயும் இது இருக்க நெறைய வாய்ப்பிருக்கு.

இதுக்கு பண்ருட்டியை எடுத்துக்கறதுக்கு காரணம், ஒரே வட்டாரத்துல தோப்பு, கொட்டை உடைக்கிற கம்பெனி, ஓடு வாங்கி ஆட்டுற மில்லு, அதுக்கு மேல காய்ச்சி வடிக்கிற ஆலைன்னு முழு சங்கிலியும் கண்ணுக்கு தெரியும். கடலூர் மாவட்டத்து செம்மண் மேட்டுல காடாம்புலியூர் பக்கமெல்லாம் முந்திரியும் பலாவும்தான். போர்ச்சுகீசியர் 16-ம் நூற்றாண்டுல பிரேசில்ல இருந்து மேற்குக் கடற்கரைக்கு கொண்டுவந்த மரம், மண் அரிப்புக்கு நல்லதுன்னு பரவி, கடைசில இங்க ஊருக்கே சோறு போடற மரமாயிடுச்சு. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வி.ஆர்.ஐங்கற பேர்ல முந்திரி ரகங்கள் வந்துச்சு. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல தோப்பு தோப்பா சாஞ்சது, அந்த மரங்களை திரும்ப வச்சு காய்ப்புக்கு கொண்டுவர வருஷக்கணக்குல ஆச்சு. உள்ளூர் கொட்டை மாசி பங்குனில ஆரம்பிச்சு சித்திரை வைகாசியோட முடிஞ்சிடும், ஆனா கம்பெனி வருஷம் முழுக்க ஓடணும், அதனால ஐவரி கோஸ்ட், கானா, பெனின், கினியா பிசாவ், தான்சானியான்னு ஆப்பிரிக்க கொட்டை கப்பல்ல வருது. பருப்பு இங்க இருந்து எங்கயோ போகும், ஓடு மட்டும் இங்கயே தங்கிடும், அது எந்த நாட்டு ஓடா இருந்தாலும்.

ஒரு மூட்டையை வச்சு கணக்கு பாத்தா சுலபமா புரியும். இந்த வியாபாரத்துல மூட்டைன்னா 80 கிலோ. அவுட்டர்ன் 48னு சொன்னா 80 கிலோ கொட்டைல 48 பவுண்டு பருப்பு, அதாவது 22 கிலோ கிட்ட. மீதியில ஈரம், உள்தோல், சொத்தைன்னு கொஞ்சம் கழிச்சா ஓடு மட்டும் ஒரு 55 கிலோ நிக்கும். நல்ல ஓட்டுல எடைக்கு நாலுல ஒரு பங்கு, சிலதுல அதுக்கும் மேல எண்ணெய் இருக்கு. மெஷின்ல எல்லாத்தையும் பிழிஞ்சிட முடியாது, அஞ்சுல ஒரு பங்கு கையில வந்தா 11 கிலோ எண்ணெய். பருப்போட பாதி எடைக்கு எண்ணெய், அதுவும் குப்பைன்னு ஒரு காலத்துல நெனச்ச ஓட்டுல இருந்து. விலைல பருப்புக்கு கிட்டயே வராது, ஆனா பருப்புல லாபம் ஒட்டியும் ஒட்டாமலும் ஓடற வருஷத்துல ஓடு வித்த காசுதான் கூலி குடுக்க உதவுதுன்னு சின்ன முதலாளிங்க சொல்லிக் கேட்டிருக்கேன், அது எனக்கு மிகைப்படுத்தலா தெரியல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த எண்ணெய் கிடைக்குமா, எவ்ளோ கிடைக்கும், எப்படிப்பட்ட எண்ணெயா இருக்கும், யார் கை வேகும், இதெல்லாம் ஆயில் மில்லுல முடிவாகறதில்ல. அதுக்கு ரெண்டு படி முன்னாடி, பருப்பு கம்பெனில கொட்டையை எப்படி சூடு பண்றாங்களோ அங்கயே முடிஞ்சிடுது.

ஓட்டை குறுக்கா வெட்டிப் பாத்தீங்கன்னா வெளிய வழவழன்னு ஒரு தோல், உள்ள கெட்டியா ஒரு தோல், நடுவுல தேன்கூடு மாதிரி அறை அறையா இருக்கும், அந்த அறைக்குள்ளதான் எண்ணெய். மொத்தமே ஒரு மூணு மில்லிமீட்டர் கனம்தான். பச்சையா உடைச்சா எண்ணெய் பீச்சி அடிக்கும், கையும் போச்சு பருப்பும் கறையாச்சு. அதனால முதல்ல சூடு பண்ணி ஓட்டை பதப்படுத்தித்தான் உடைக்கணும்.

பழைய வழி வறுக்கிறது. சட்டில போட்டோ, சரிவா சுத்தற டிரம்முல போட்டோ வறுத்தா ஓடு தானே பத்திக்கிட்டு எரியும், தண்ணி தெளிச்சு அணைச்சு, சாம்பல்ல புரட்டி, தட்டி உடைப்பாங்க. எரியறது என்ன, எண்ணெய்தான். புகையா மேல போயிடும், அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் என்ன பண்ணும்னு வறுக்கிற கொட்டாய் பக்கம் போனவங்களுக்கு தெரியும். எண்ணெய் கணக்குல இது வெறும் நஷ்டம்.

ரெண்டாவது வழி எண்ணெய்க் குளியல். சூடான ஓட்டு எண்ணெய்க்குள்ளயே, 190 - 200 டிகிரி சூட்டுல, கொட்டையை ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஓட விடுவாங்க. அந்த சூட்டுல அறைங்க வெடிச்சு உள்ள இருக்கிற எண்ணெய் தொட்டில இறங்கிடும். தொட்டி நிரம்ப நிரம்ப மேல வழியறதுதான் உற்பத்தி. பெரிய கம்பெனிகளுக்கு ஏத்த முறை, வர்ற எண்ணெயும் ஏற்கனவே காய்ஞ்சு பதமான எண்ணெய், ஆனா ஓட்டுல இருக்கிறதுல பாதிக்கும் கீழதான் இறங்கும்னு சொல்வாங்க, மீதி ஓட்டோடயே அடுப்புக்கு போயிடும். கொல்லம் பக்கம் ஒரு காலத்துல இது பிரபலம்.

மூணாவது நீராவி. பாய்லர்ல இருந்து ஆவி விட்டு குக்கர்ல அவிச்சு, எறக்கி, ஒரு ராத்திரி ஆற விட்டு, காலையில கட்டிங் டேபிள்ல போட்டு வெட்டறது. கையால லீவரை இழுத்து காலால மிதிச்சு வெட்டற மெஷினா இருந்துச்சு, இப்ப ஆட்டோமேட்டிக் மெஷினும் நெறைய வந்திடுச்சு. இதுல பருப்பு வெள்ளையா வரும், முழுசா வரும், டபிள்யூ 320, 240னு (முழு வெள்ளைப் பருப்பு, ஒரு பவுண்டுக்கு எத்தனைங்கற கணக்கு) கிரேடு கூடும், அதுக்காகத்தான் எல்லாரும் இதுக்கு மாறினாங்க, எண்ணெய்க்காக இல்ல. ஆனா பக்கவிளைவா என்ன ஆச்சுன்னா, ஆவி சூடு எண்ணெயை எரிக்கறதும் இல்ல வெளியே தள்ளறதும் இல்ல, அப்படியே ஓட்டுக்குள்ளயே விட்டுடுது. அதுவரைக்கும் அடுப்பெரிக்க மட்டும் ஆகிற ஓடு, திடீர்னு எண்ணெய் நிறைஞ்ச கச்சாப்பொருள் ஆயிடுச்சு. ஓடு வாங்கற புரோக்கர், லாரி, எக்ஸ்பெல்லர் (திருகால அமுக்கி எண்ணெய் பிழியற மெஷின்) மில்லுன்னு ஒரு தனி தொழிலே இதுக்கு பின்னாடி வந்ததுதான். பருப்போட நிறத்துக்காக பண்ண ஒரு மாற்றம் இன்னொரு தொழிலை பெத்துப் போட்டுச்சு, யாரும் திட்டம் போட்டு பண்ணல.

மில்லு எப்படி ஓடுது

ஓடு லாரில வந்து குவியும். முதல்ல கல்லு, ஆணி, இரும்புத்துண்டு எடுக்கணும், இல்லன்னா எக்ஸ்பெல்லரோட திருகு போயிடும், அதுக்கு காந்தம் வைப்பாங்க, சல்லடை வைப்பாங்க. ஓட்டோட ஒட்டிக்கிட்டு வர்ற பருப்புத் துண்டை பொறுக்கறதுக்குன்னே ஆள் இருக்கிற இடமும் உண்டு. மழைல நனைஞ்ச ஓட்டை குவிச்சு வச்சா உள்ள சூடேறி பூஞ்சை பிடிச்சு எண்ணெய் கெட்டுடும், வெயில்ல ரொம்ப நாள் கிடந்தா தானா கசிஞ்சு தரையெல்லாம் கருப்பாயிடும். அதனால வாங்கின உடனே ஆட்டறவன்தான் புத்திசாலி, விலை ஏறட்டும்னு குவிச்சு வக்கிறவன் பல தடவை ரெண்டு பக்கமும் இழப்பான்.

லேசா ஆவி காட்டி எக்ஸ்பெல்லர்ல விட்டா ஒரு பக்கம் கெட்டியான எண்ணெய், இன்னொரு பக்கம் தகடு தகடா புண்ணாக்கு, இதை கேக்குனுதான் சொல்றாங்க. மாட்டுக்கு போடற புண்ணாக்கு இல்ல இது, பாய்லருக்கு போடறது. எண்ணெய்ல மண்டி நெறைய இருக்கும், தொட்டில தெளிய விட்டு, ஃபில்டர் பிரஸ்ல விட்டு எடுக்கணும்.

அடுத்தது காய்ச்சறது, இங்கதான் கொஞ்சம் கெமிஸ்ட்ரி பேசியாகணும். பிழிஞ்ச பச்சை எண்ணெய்ல மூணுல ரெண்டு பங்கு போல அனகார்டிக் அமிலம், மீதில பெரும்பகுதி கார்டால், கொஞ்சம் கார்டனால். அனகார்டிக் அமிலத்தை சூடு பண்ணினா அதுல இருந்து கார்பன் டை ஆக்சைடு கழண்டுக்கிட்டு போய் கார்டனாலா மாறிடும். தொழிற்சாலைக்கு வேண்டியது இந்தக் கார்டனால்தான். கெட்டில்ல, அதாவது காய்ச்சற பெரிய கலன்ல, 140, 150 டிகிரிக்கு மேல ஏத்தும்போது தண்ணியும் வாயுவும் சேர்ந்து வெளிய வர்றதால பயங்கரமா நுரைக்கும், அவசரப்பட்டு தீயை கூட்டினா பொங்கி வழிஞ்சு அடுப்புல விழும், அப்புறம் தீயணைப்பு வண்டிதான். ரொம்ப நேரம் ரொம்ப சூட்டுல விட்டாலும் தப்பு, எண்ணெய் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு பாகு மாதிரி கெட்டியாகி பாலிமர் ஆயிடும், அது வடிக்கறதுக்கு ஆகாது. நுரை அடங்கற நேரத்தை பாத்து இறக்கற ஆளுக்கு சம்பளம் கூடக் குடுக்கலாம், குடுக்கறாங்களான்னா அது வேற கதை.

இன்னொரு கணக்கும் இதுல ஒளிஞ்சிருக்கு. அனகார்டிக் அமிலத்தோட எடைல 13 சதவீதம் போல அந்த வாயுதான். அப்ப 100 கிலோ பச்சை எண்ணெயை காய்ச்சினா ஈரம் போக, வாயுவா மட்டுமே ஒரு 8 கிலோ பறந்துடும். புதுசா தொழிலுக்கு வர்றவங்க பச்சை எண்ணெய் விலையையும் காய்ச்சின எண்ணெய் விலையையும் பக்கத்துல வச்சு, அடேங்கப்பா இவ்ளோ லாபமான்னு கணக்கு போடுவாங்க, இந்த 8 கிலோவையும், எரிச்ச விறகையும், அடியில தங்கற மண்டியையும் மறந்துட்டு.

காய்ச்சின எண்ணெய்க்கு இந்தியத் தர விதி ஐ.எஸ் 840 இருக்கு, ஈரம் 1 சதவீதத்துக்குள்ள, சாம்பல் 1 சதவீதத்துக்குள்ள, அயோடின் எண் 250-க்கு குறையக்கூடாது, இவ்ளோ பிசுபிசுப்புக்கு மேல போகக்கூடாதுன்னு. அயோடின் எண்ங்கறது எண்ணெய்ல இரட்டைப் பிணைப்பு எவ்ளோ இருக்குன்னு காட்டற அளவு. அது எதுக்குன்னா, கார்டனாலோட வாலுல 15 கார்பன் நீளமா தொங்குது, அதுல ஒண்ணு, ரெண்டு, மூணு இரட்டைப் பிணைப்பு வரைக்கும் இருக்கும், அதுதான் இது ரெசின் (கெட்டியா இறுகற பிசின்) ஆகிறதுக்கு ஒரு முக்கிய கைப்பிடி. வேற மலிவான எண்ணெய் கலந்தாலோ அதிகமா காய்ச்சி பாதி பாலிமர் ஆக்கிட்டாலோ அந்த எண் இறங்கிடும், மாட்டிக்குவாங்க.

அதுக்கு மேல போறவங்க வெற்றிடத்துல 200 டிகிரிக்கு மேல வச்சு வடிப்பாங்க. மேல வர்றது வெளிர் மஞ்சள் கார்டனால், ரொம்ப அழகான கலரு, ஆனா வச்சிருக்க வச்சிருக்க செவந்து போகும். மூணுல ரெண்டு பங்கு போல வடியும், அடியில மிஞ்சற கருப்பு கூழுக்கும் ஆள் உண்டு, கருப்பு பெயின்ட்டுக்கும் பிரேக் ரெசினுக்கும் போகும். வெற்றிட பம்பு, சூடேத்தற எண்ணெய் சிஸ்டம், லேப், ஒவ்வொரு டிரம்மும் ஒரே மாதிரி இருக்கணும்ங்கற வாங்கறவன் கண்டிஷன், இதெல்லாம் சேர்ந்து சின்ன மில்லுகாரங்களை எக்ஸ்பெல்லரோடயே நிறுத்திடுது. காசு கூடறது அந்த கடைசி படியில, ஓடு குவியறதும் மண்டி நாறறதும் முதல் படியில.

எதுக்கு ஆகுது

பிரேக்தான் பெரிய கிராக்கி. 1920-கள்ல அமெரிக்காவுல மார்ட்டிமர் ஹார்வினு ஒரு வேதியியல்காரர் இந்த எண்ணெய்ல ரெசின் பண்ற வேலைல இறங்கினார், அதுக்கப்புறம் பேட்டன்ட் மேல பேட்டன்ட். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்க அரசு இந்த எண்ணெயை யாரு எவ்ளோ வாங்கலாம்னு கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டுவந்துச்சு, அந்த அளவுக்கு மதிப்பு. கார்டனாலையோ காய்ச்சின எண்ணெயையோ ஃபார்மால்டிஹைடோட வினைபுரிய வச்சு, கெட்டியாக்கி, அரைச்சா வர்ற பழுப்புப் பொடிக்கு ஃபிரிக்ஷன் டஸ்ட்னு பேரு. பிரேக் லைனிங்ல அதை கலந்தா என்ன லாபம்னா, சாதாரண ஃபீனால் ரெசின் மொறுமொறுன்னு உடையற ஜாதி, இதுல அந்த நீள வால் இருக்கிறதால கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், அதிர்வை வாங்கிக்கும், கீச்சுன்னு கத்தறது குறையும், சூடேறும்போது மெதுவா கருகி ஒரு படலமா நின்னு பிடிமானத்தை ஒரே சீரா வச்சிருக்கும். மலையில லாரி இறங்கும்போது இந்த சீரான பிடிமானம்தான் டிரைவருக்கு வேணும்.

அடுத்தது எபாக்ஸி பெயின்ட். கார்டனால், ஃபார்மால்டிஹைடு, அமீன் மூணும் சேர்ந்தா வர்ற ஃபீனால்கமைன்னு ஒரு கெட்டிப்படுத்தி இருக்கு. மத்த கெட்டிப்படுத்திங்க குளிர்லயும் ஈரத்துலயும் முரண்டு பிடிக்கும், இது ஈரமான இரும்பு மேலயும், குளிர் நாட்டுலயும் நல்லா இறுகும். அதனால கப்பலோட தண்ணித் தொட்டி, கடல் மேடை, குழாய்னு உப்புத்தண்ணி படற இடமெல்லாம் இதுதான். பண்ருட்டி ஓடு எங்கயோ ஒரு வடகடல் கப்பலுக்குள்ள போய் ஒட்டிக்கிட்டு இருக்கலாம்.

இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே கடற்கரைக்காரங்க நாட்டுப்படகுக்கு இதை பூசிட்டுத்தான் இருந்தாங்க, மரம் உளுத்துப் போகாம இருக்க. வீட்டு உத்தரத்துக்கும் வாசக்காலுக்கும் கரையான் வராம இருக்க அடிக்கறதும் உண்டு. பித்தவெடிப்புக்கும் கால் ஆணிக்கும் தடவற பழக்கமும் இருக்கு, ஆனா அதுக்கு நான் ஆதரவு இல்ல, வெடிப்பு போகும், கூட நல்ல தோலும் போகும்.

கை

சேராங்கொட்டை தெரியும்ல, சலவைக்காரங்க துணில குறி போட்டது, பட்டா கொப்பளிக்கும். அது, மாங்காய்ப் பால், முந்திரி எல்லாம் ஒரே குடும்பம். அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலை எரிக்கும், கருக்கும், உரிக்கும். டேபிள்ல ஒரு ஷிஃப்ட் ஓடு வெட்டின பொம்பளைங்க கையை பாத்தா விரல் நுனி கருப்பா, தோல் உரிஞ்சு, ரேகை தேஞ்சு இருக்கும். சாம்பல் தொட்டுக்கறது, விளக்கெண்ணெய் தடவறது, இதுதான் காலகாலமா மருந்து. கிளவுஸ் குடுக்கறாங்களேன்னு கேப்பீங்க, கிலோ கணக்குல கூலி வாங்கறப்ப கிளவுஸ் போட்டா பருப்பு பிடிபடாது, வேகம் குறையும், கூலி குறையும், அதனால கழட்டி வச்சிடறாங்க. இதை அந்தப் பொம்பளைங்களோட அறியாமைன்னு எழுதறவங்க மேல எனக்கு கோவம்தான் வரும், கூலி முறையை மாத்தாம கிளவுஸ் மட்டும் குடுத்தா அது போட்டோவுக்குத்தான்.

ஆவி முறைக்கு மாறினதுல ஒரு விபரீதமும் இருக்கு. புகை குறைஞ்சது நிஜம், நுரையீரலுக்கு நல்லது. ஆனா வறுத்த ஓட்டுல எண்ணெய் எரிஞ்சு போயிருக்கும், ஆவியில அவிச்ச ஓட்டுல முழுசா இருக்கு, அதுவும் காய்ச்சாத பச்சை எண்ணெய், அமிலம் அப்படியே. எண்ணெய் மில்லுக்கு எது லாபமோ அதுவே வெட்டற கைக்கு கெடுதல். ஆட்டோமேட்டிக் கட்டிங் மெஷின் வந்த இடத்துல வெட்டறது கையை விட்டு போயிருக்கு, சரியா வெட்டுப்படாததை ஊசியால நோண்டி எடுக்கறது மட்டும் இன்னமும் கைதான், பல இடத்துல கூலி வேலையே இல்லாமலும் போயிருக்கு, ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

எரிக்கிறதா, ஆட்டுறதா

ஓட்டுக்கு ரெண்டு பேர் போட்டி போடறாங்க, ஆயில் மில்லும் பாய்லரும். எண்ணெய் நிறைஞ்ச ஓடு நல்லா எரியும், விறகை விட சூடு அதிகம், ஆனா நேரடியா எரிச்சா புகைபோக்கில தார் படியும், புகை நாத்தம் ஊரையே தூக்கும், பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. பிழிஞ்ச கேக் அந்த அளவு தொல்லை இல்ல, பல இடத்துல அவிக்கிற குக்கரோட பாய்லருக்கே அது திரும்பப் போகுது. என்னைக் கேட்டா பிழியாம எரிக்கிறது காசை கொளுத்தற வேலை, ஆனா எண்ணெய் விலை படுத்துட்டா மில்லுகாரன் ஓடு எடுக்க வரமாட்டான், அப்ப சின்ன கம்பெனிக்காரன் எரிக்காம என்ன பண்ணுவான்.

எண்ணெயையே எரிக்கிறதும் இருக்கு, ஃபர்னஸ் ஆயிலுக்கு பதிலா. கடந்த சில வருஷமா கப்பல் எரிபொருள்லயும், தாவர எரிபொருள்னு சொல்லி, இதை கலக்க ஆரம்பிச்சாங்க. அங்கதான் இதோட குணம் திரும்ப தலைகாட்டுது. ரெசின் ஆகற எண்ணெயை கொண்டுபோய் சூடான எரிபொருள் லைன்ல விட்டா அது அங்கயும் ரெசின் ஆகத்தானே பாக்கும்? ஃபில்டர் அடைப்பு, பம்பு ஒட்டிக்கறது, இன்ஜெக்டர் கெட்டுப்போறதுன்னு புகார் வந்து எரிபொருள் சோதனை பண்ற நிறுவனங்க கப்பல்காரங்களுக்கு எச்சரிக்கை குடுத்திருக்காங்க. பிரேக்குக்கு வரம், இன்ஜினுக்கு சாபம், குணம் ஒண்ணுதான். அமிலத்தை முழுசா போக்காம, அயோடின் எண்ணை இறக்காம நேரா கலக்கறது எனக்கு சரியா படல, ஹைட்ரஜன் ஏத்தி இரட்டைப் பிணைப்பை மூடினா நல்ல சரக்கு வரும், ஆனா அந்தச் செலவுக்கு அப்புறம் அது மலிவு எரிபொருளா இருக்காது.

இந்தப் பக்கம் எக்ஸ்பெல்லர் போடலாமான்னு யோசிக்கறவங்க மெஷின் விலையை கடைசியா பாருங்க. சுத்துவட்டாரத்துல எந்தெந்த கம்பெனி ஆவில அவிக்குது, எத்தனை பேர் இன்னும் வறுக்கிறாங்க, ஆப்பிரிக்க கொட்டை எந்த மாசம் எந்த நாட்டுல இருந்து வருது, ஓடு காஞ்சு வருதா ஈரத்தோட வருதா, இதைத்தான் முதல்ல விசாரிக்கணும். சாம்பிளுக்கு ஒரு கிலோ ஓடு வாங்கி லேப்ல எண்ணெய் சதவீதம் பாக்க ஆகிற செலவு ரொம்ப கம்மி, அதை ஒவ்வொரு சப்ளையருக்கும் தனித்தனியா பாருங்க, ஏன்னா ஒரே ரோட்டுல எதிரெதிர்ல இருக்கிற ரெண்டு கம்பெனி ஓட்டுலயே எண்ணெய் வித்தியாசப்படும். கெட்டில் போடறதா இருந்தா நுரைக்குன்னு மேல பாதி இடம் காலியா இருக்கிற அளவுக்கு பெருசா வாங்குங்க.